மேக்ஃபைலைப் பெருக்குகிறவள்

கம்ப்யூட்டர் தொழிலிலும் பெருக்கித் துடைக்கிற வேலை உண்டு. ஜெர்மனியில், கார்ல்ஸ்ரூஹே நகரத்தில் ஐந்து வருஷமாக அதுதான் என் பிழைப்பு. ஆபரேட்டிங் சிஸ்டத்தின் அடித்தளம் கர்னல். அதைக் கட்ட எந்தெந்தக் கோப்புகளைச் சேர்க்க வேண்டும் என்று சொல்லும் பட்டியல்தான் மேக்ஃபைல். பலர் பல வருஷமாக எழுதிச் சேர்த்த அந்தப் பட்டியல்களில் வேண்டாததை எடுத்துப்போடுகிறேன். அடுத்தவர் போட்டதை அள்ளும் வேலையில் மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்கு என் கஷ்டம் புரியும்.

ஏ முதல் இசட் வரை

சேர்ந்து இரண்டாவது மாதம், இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. ஒரு மேக்ஃபைலில் முப்பது டிரைவர்களின், அதாவது கம்ப்யூட்டரின் பாகங்களை இயக்கும் நிரல்களின், பெயர்கள் தாறுமாறாகக் கிடந்தன. ஏ முதல் இசட் வரை வரிசையாக அடுக்கினேன். பார்க்கவே அழகாக இருந்தது. சோதனை மெஷினில் ஏற்றினால் திரை கறுப்பாகவே நின்றது. பட்டியலில் முன்னால் இருப்பதுதான் முதலில் எழுந்திருக்கும் என்பது எனக்குத் தெரியாது.

வேலை போச்சு என்றே நினைத்தேன். டீம் லீட் கிரேட்டா திரையைப் பார்த்தார், என் பட்டியலைப் பார்த்தார், பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "பழைய வரிசையை அடுக்கியது நான்தான். ஏன் அப்படி என்று ஒரு வரி எழுதிவைக்காதது என் தப்பு."

ஞாயிற்றுக்கிழமை மணி

பக்கத்து மேசை அந்தோனி அண்ணை இலங்கையின் மன்னார்க்காரர். அவர் பூசைக்குப் போகும் கிறிஸ்தவக் கோயிலில் மணியடிக்கிற பழைய கம்ப்யூட்டருக்கும் அவர்தான் பொறுப்பு. எங்கள் புது கர்னலை அதில் ஏற்றிப் பார்ப்பார். 'இதை இன்னும் யார் வைத்திருக்கப் போகிறார்கள்' என்று கம்ப்யூட்டருக்குள் செருகும் ஒரு பழங்காலக் கார்டின் வரியை நான் நீக்கியிருந்தேன். ஞாயிறு காலை போன்.

"தங்கச்சி, நீங்கள் தூக்கின கார்டு இஞ்ச இருக்கு. மணி அடிக்கேல்லை. ஃபாதர் வாசல்லை நிக்கிறார்."

"மாலைப் பூசைக்குள்ள சரியாயிடும் அண்ணை, வர்றேன்" என்று லேப்டாப்போடு டிராம் ஏறினேன். வரியைத் திரும்பச் சேர்த்து, கர்னலைத் திரும்பக் கட்டும் கம்பைல் ஓடி முடியும்வரை இருவரும் கோயில் படியில் உட்கார்ந்திருந்தோம். எதிர்வீட்டு அம்மாள் தெருவைக் கடந்து வந்தார். திட்டப்போகிறார் என்று எழுந்து நின்றேன்.

"மணியை நிறுத்தியது நீங்களா? ஒன்பது மணிவரை தூங்கினேன். ஒன்றும் அவசரமில்லை, மெதுவாகச் சரிசெய்யுங்கள்."

படிவம்

நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்டுப் போயிருந்தேன். அதிகாரி என் வேலை ஒப்பந்தத்தைப் புரட்டிவிட்டு, "இந்த வேலையில் என்ன உருவாக்குகிறீர்கள்?" என்றார்.

ஏதாவது பெரிதாகச் சொல்லியிருக்கலாம். வாயில் உண்மைதான் வந்தது. "ஒன்றும் உருவாக்கவில்லை. எதற்கு இருக்கிறது என்று யாருக்குமே தெரியாத வரிகளைத் தேடி, விசாரித்து, நீக்குகிறேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். நான் நிரப்பிக்கொடுத்திருந்த பதினான்கு பக்கப் படிவத்தை ஒருமுறை பார்த்து, முத்திரையைக் குத்திவிட்டுக் கேட்டார்: "அங்கே முடிந்ததும் எங்கள் அலுவலகத்துக்கு வருவீர்களா?"

நான் ஒழுங்காக வேலை பார்த்த நாட்களில் எங்கேயும் எதுவும் நடக்கவில்லை, அதனால் அவற்றைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒரு வரிகூட இல்லை.