பிரிவில் வைத்த ஆவாரங்கொப்பு

கம்பத்தில் சைக்கிள் வைத்திருந்தவன் எவனும் கருத்தக்கண்ணனிடம் திட்டு வாங்காமல் தப்பியதில்லை. பஞ்சர் ஒட்ட உட்கார்ந்தால் வாய் ஓயாது. "இது ட்யூப்பா, சல்லடையாடா? இதுல பெண்டாட்டிய வேற பின்னால ஏத்திக்கிட்டு வந்துட்டியாக்கும்!" அந்த வாய் வருஷத்தில் ஒரே ஒரு நாள் அடைத்துப்போகும். வைகாசியில் ஆண்டிபட்டிப் பொட்டலைக் கடக்கிற நாள்.

கம்பத்து ஆட்கள் பத்திருபது பேர் வருஷா வருஷம் சைக்கிள் மிதித்தே தூத்துக்குடிக் கடலைப் பார்த்துவிட்டு வருவார்கள். அரிசி, அடுப்பு, தண்ணீர் டின் எல்லாம் நத்தர்ஷாவின் ஜீப்பில் வரும். மற்ற நாளில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப் அது. ஆண்டிபட்டி தாண்டியதும் ஜீப் தார்ரோட்டிலேயே போய், கணவாய்க்கு இந்தப் பக்கம் ஒரு புளியமரத்தடியில் மோரோடு காத்திருக்கும். சைக்கிள்கள் மட்டும் பொட்டலுக்குக் குறுக்கே வண்டிப்பாதையில் இறங்கும். ஆறு மைல் மிச்சம். அந்த ஆறு மைலுக்காக ஒருத்தன் செத்த வழியிலேயே மறுபடியும் மறுபடியும் போனார்களே, அவர்களை என்ன சொல்ல!

செத்தவன் மலைச்சாமி, கண்ணனின் கூட்டாளி. அறுபத்தெட்டாம் வருஷம் இரண்டு பேரும் பின்தங்கி, பொட்டலில் வழி தப்பிவிட்டார்கள். இனி ஒரு மிதிகூட முடியாது என்று மலைச்சாமி ஓர் உடைமரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். "இங்கனயே இருடா, தண்ணியோட வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணன் போனார். ஜீப்பை எட்டிப் பிடித்து, வயிறு முட்டக் குடித்தார். ஒரு நிமிஷம் கண்ணை மூடுவோம் என்று நிழலில் சாய்ந்தவர் எழுந்தபோது மணி நாலு. அதற்குள் மலைச்சாமி அந்த மரத்தடியிலேயே செத்துப்போயிருந்தான். "எனக்கு முன்னாலயே போயிட்டான்னு நெனச்சேன்" என்று எல்லாரிடமும் சொன்னார். மலைச்சாமியின் பெண்டாட்டி மொக்கம்மாளிடமும் அதையேதான் சொன்னார். பாவி மனுஷன், வேறு என்ன சொல்வார்?

மறு வருஷத்திலிருந்து ஆள் எண்ணுகிற வேலையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். பொட்டலின் நடுவே பாதை இரண்டாகப் பிரியும். இடது கணவாய்க்குப் போகும். வலது, கைவிட்ட கல்குவாரியில் போய் முடியும். முதலில் வருகிறவர் இடது பக்கம் ஓர் ஆவாரங்கொப்பைக் கல் வைத்து அமுக்கிவிட்டுப் போவார். கண்ணன் அங்கேயே நின்று, எல்லாரும் கடந்ததும் கொப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போக வேண்டும். எடுக்காமல் விட்டால், அந்தப் பொட்டலில் வழி தப்பிச் செத்தது எதுவானாலும் அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிடுமாம். மாட்டுவண்டிக்காரர்கள் காலத்துப் பயம் அது.

எழுபத்தாறில் கண்ணன் நீங்கலாகப் பதினெட்டுப் பேர். உச்சி வெயில். காக்காய்கூட இல்லை. நிழல் காலடிக்குள் சுருண்டுகிடந்தது. கண்ணன் பிரிவில் நின்று எண்ணினார். ஆளுக்காள் இடைவெளி விட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொருத்தரிடமும் "போ, போ, மோரு பக்கத்துலதான்" என்றார். பதினேழு. அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் இல்லை. பிறகு பச்சைத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு பதினெட்டாவது ஆள் வந்தான். செயின் சத்தம் கேட்கவில்லை. பின் மட்கார்டு பால்பவுடர் டின்னை வெட்டி அடித்தது. "போ, போ, மோரு பக்கத்துலதான்" என்று அவனிடமும் சொல்லிவிட்டு, கொப்பை உருவிக் கேரியரில் செருகிக்கொண்டார்.

புளியமரத்தடியில் நத்தர்ஷா ஜீப்பின் பானெட்டில் பதினெட்டுத் தம்ளர்களை வரிசையாக வைத்து மோர் ஊற்றியிருந்தார். குடித்தவர் தம்ளரைக் கவிழ்த்து வைக்க வேண்டும். யார் வரவில்லை என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். பதினேழு கவிழ்ந்திருந்தன. ஒன்று நிறைந்து நின்றது.

"வாத்தியாரு எங்க கண்ணா? ஞானதுரை வாத்தியாரு?" என்றார் நத்தர்ஷா.

"எல்லாரும் வந்துட்டாக பாய். பதினெட்டு எண்ணினேனே. கடைசியா பச்சைத் துண்டு, டின் மட்கார்டு..."

அத்தோடு நின்றுபோனார். ஆத்தாடி! அந்த டின்னை வெட்டி அடித்ததே அவர் கைதானே! மலைச்சாமி கடந்து போயிருக்கிறான். நம்ம ஆள்தானே என்று எண்ணிவிட்டிருக்கிறார். அப்போது ஒரு துளிகூட வித்தியாசமாகத் தோன்றவில்லை.

வண்டிப்பாதைக்குக் குறுக்கே ஓர் ஓடை உண்டு; அதில் பாறை கிடப்பதால் ஜீப் அந்தப் பாதையில் போகாது. கண்ணன் ஒரு டின் தண்ணீரைக் கேரியரில் கட்டிக்கொண்டு தனியாக மிதித்தார். வழியெல்லாம் புழுதியில் டயர்த் தடங்களைப் பார்த்துக்கொண்டே போனார். பிரிவில் ஒரே ஒரு தடம் வலது பக்கம் திரும்பியிருந்தது. கொப்பு இருந்திருந்தால் வாத்தியார் அந்தப் பக்கம் திரும்பியிருக்க மாட்டார். "கர்த்தரே, காளியாத்தா, எவனாவது காப்பாத்துங்கடா" என்று வாய்விட்டு அழுதுகொண்டே போனார். எட்டு வருஷமாக அவர் ஒதுங்கிப் போன அதே உடைமரத்துக்குத்தான் தடம் போனது.

ஞானதுரை மரத்தடியில் சாய்ந்திருந்தார். உதடு வெடித்திருந்தது. ஆனால் உயிர் இருந்தது. கண்ணன் அவர் தலையை மடியில் வைத்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டார்.

கொஞ்சம் தெளிந்ததும் வாத்தியார் சுற்றிலும் பார்த்தார். "அவுக எங்கண்ணே?"

"எவுக?"

"இங்கன ஒருத்தரு கூடவே இருந்தாக. பச்சைத் துண்டு. நான் எந்திரிச்சுப் போகப் பாத்தேன், விடல. 'வெயில்ல அலைஞ்சா செத்துருவே, இங்கனயே இரு, கண்ணன் தண்ணி கொண்டாருவான்'னு சொன்னாக. வருவாரான்னு கேட்டேன்." வாத்தியார் மூச்சு வாங்கினார். "'எனக்கும் அப்படித்தான் சொல்லிட்டுப் போனான். வருவான்'னாக."

கண்ணன் வாத்தியாரைக் கேரியரில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். பிரிவில் நின்றார். அதே ஆவாரங்கொப்பை எடுத்து, இடது பாதையில் வைத்து, மேலே கல்லை ஏற்றினார். அதை எடுக்கவில்லை.

"அண்ணே, கொப்ப விட்டுட்டீக."

"கெடக்கட்டும் வாத்தியாரே. வரட்டும்."

புளியமரத்தடியில் எல்லாரும் வாத்தியாரைச் சூழ்ந்துகொண்டார்கள். கண்ணன் நேரே ஜீப்புக்குப் போனார். "பாய், இன்னொரு தம்ளர் ஊத்துங்க."

"யாருக்கு?"

"மலைச்சாமிக்கு. அவன் முன்னால போகல பாய். நான்தான் இருடான்னு சொல்லிட்டு வந்து, தண்ணியக் குடிச்சிட்டுத் தூங்கிட்டேன்."

நத்தர்ஷா அவரையே பார்த்தார். பிறகு பத்தொன்பதாவது தம்ளரில் மோர் ஊற்றிப் பானெட்டின் ஓரத்தில் வைத்தார். யாரும் அதன் பக்கம் போகவில்லை.

வெயில் தாழக் கிளம்பினார்கள். பாத்திரங்களை எடுக்கப் போன நத்தர்ஷா கண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினார். பத்தொன்பதாவது தம்ளர் கவிழ்ந்திருந்தது. பானெட்டிலும் கீழே மண்ணிலும் ஒரு சொட்டு ஈரமில்லை.

மொக்கம்மாளிடமும் உண்மையைச் சொல்ல, கண்ணன் ஊர்த் திசையில் சைக்கிளைத் திருப்பினார். அந்த வருஷம் அவர் கடலுக்குப் போகவில்லை.