அக்கா அனுப்பிய முகம்

என் அக்காவுக்கு ஓவியம் என்றால் கலண்டரில் வருவது. அவள் ஒஸ்லோவில் ஒரு மியூசியத்துக்குப் போனதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். அங்கே தமிழர்கள் வரமாட்டார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் என் மகளைப் பெண்பார்க்க அவள் ஒரு பொது இடம் தேடிக்கொண்டிருந்தாள். கோயிலில் வைத்தால் ஊர் முழுக்கக் கதைக்குமாம். ஆப்பிரிக்க வம்சாவளி ஓவியர்களுக்கென்று இருக்கும் சின்ன மியூசியத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கண்காட்சி திறந்தார்கள். எல்லிங்ஸ்ருட் பள்ளிக்கூடத்தில் மகளோடு படித்த தோழி, தகப்பன் காம்பியாக்காரர், என் மகளையே வரைந்து அங்கே மாட்டியிருந்தாள். நாங்கள் எப்படியும் போக இருந்தோம்.

"கறுவலின்ரை படம் பாக்க எங்கடை சனம் ஒண்டும் வராது. மாப்பிள்ளையின்ரை தாயை அங்கையே வரச்சொல்லுறன்" என்றாள் அக்கா. அவர்களைக் கறுவல் என்றுகொண்டே அவர்கள் இடத்தில் சம்பந்தம் பேச வந்தவள்.

நல்ல இடம் அமைந்தால் எனக்கும் ஆசைதான். அவர்கள் வந்து பார்க்கட்டும் என்று மகளும் சம்மதித்திருந்தாள். அவளுக்கு என் நிறம், நல்ல கறுப்பு. ஆனால் மாப்பிள்ளை வீட்டுக்கு அக்கா அனுப்பியிருந்தது ஒரு கலியாண வீட்டில் எடுத்த படம். அதை எடுத்த எங்கள் வீடியோக்காரருக்குக் கொம்பியூட்டரில் தெரிந்த நிறம் ஒன்றுதான், வெள்ளை. அவருடைய அல்பத்தில் மாமியும் மருமகளும் ஒரே மாவில் பிடித்த கொழுக்கட்டைகள். அந்தப் படத்தை அனுப்பிய பிறகுதான் அக்கா எனக்கே காட்டினாள்.

ஓவியத்தில் மகள் ட்ராம் ஜன்னலோரம் இருந்தாள். கறுத்த கன்னத்தில் நீலம் ஓடியது. என் பிள்ளை இவ்வளவு வடிவா என்று எனக்குக் கண் கலங்கியது. அக்காவுக்கு வியர்த்தது. தோழியைத் தனியே கூப்பிட்டு, ஆட்கள் வரப்போகிறார்கள், முகத்தைக் கொஞ்சம் வெள்ளையாக்க முடியுமா என்று நோர்வேஜிய மொழியில் கேட்டாள். வீடியோக்காரரிடம் கேட்பது போலவே கேட்டாள். அந்தப் பிள்ளை பகிடி என்று நினைத்துச் சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாப்பிள்ளையின் தாய் பியோர்ண்டாலிலிருந்து வந்து சேர்ந்தார். மகள் வாசலுக்குப் போய் அவருடைய குளிர் ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டாள். அவர் "தக்" என்று நோர்வேஜிய மொழியில் நன்றி சொல்லிவிட்டு, அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் நேரே அக்காவிடம் வந்தார்.

"பிள்ளை இன்னும் வரேல்லையோ?"

ஊரையே வாயால் மேய்ப்பவள் என் அக்கா. அன்றைக்கு அவள் கைப்பைக்குள் எதையோ தேடத் தொடங்கினாள்.

"நான்தான் அன்ரி" என்றாள் பின்னால் நின்ற மகள்.

அவர் போனை எடுத்துப் பார்த்தார். மகளைப் பார்த்தார். சுவரில் இருந்தவளையும் பார்த்தார்.

"படத்திலை வேறை மாதிரி..."

"ஓம் அன்ரி. உங்களுக்குப் பிடிச்சது அந்தப் பிள்ளையைத்தானே. அவ வீடியோ மாமாவின்ரை கொம்பியூட்டரிலை இருக்கிறா. அங்கை போய்ப் பொம்பிளை கேளுங்கோ."

சொல்லிவிட்டு, கையிலிருந்த ஜாக்கெட்டை விரித்து, அவர் கையை நுழைக்க வசதியாகப் பிடித்தாள்.