விழுப்புரத்தில் நான் எழுதிய தேதி

என் முட்டாள்தனத்தை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எண்ணூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் ஆயிரத்து ஐந்நூறு செலவழித்தவன் நான். பணம் போகட்டும், மனைவியையும் அழவைத்தேன்.

அவளுக்கு ஆறாவது வாரம். லேசாக ரத்தம் பட்டது. போன முறை இப்படி ஆரம்பித்துத்தான் கலைந்துபோனது. செஞ்சியில் நாங்கள் காய்ச்சலுக்குக்கூடப் போகும் டாக்டரம்மா, தன் அறையிலேயே ஸ்கேன் மிஷின் வைத்திருக்கிறார். பார்த்துவிட்டு, "பை தெரியுது, துடிப்பு இன்னும் தெரியல. நாள் கம்மி. பத்து நாள் கழிச்சு வாங்க, மறுபடி பாத்துடலாம்" என்றார்.

மறுபடியா? இன்னொரு எண்ணூறு ரூபாயா? மிஷின் வாங்கிய கடனை எங்கள் தலையில் கட்டுகிறாரோ? திரையை வேறு தன் பக்கம் திருப்பி வைத்திருந்தார். மளிகைக் கடையிலேயே தராசை என் பக்கம் திருப்பச் சொல்பவன் நான். விடுவேனா?

மறுநாளே விழுப்புரம் பஸ். அங்கே பெரிய ஸ்கேன் சென்டர். வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கச் சொல்லி அவளைப் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். ஃபாரம் நிரப்பியது நான். கடைசியாக மாதவிலக்கான தேதியை வேண்டுமென்றே இரண்டு வாரம் முந்தைய தேதியாக எழுதினேன். பொய்யைக் கண்டுபிடித்தால் இவர்கள் கெட்டிக்காரர்கள், இல்லாவிட்டால் எல்லாருமே திருடர்கள். அப்படியொரு துப்பறியும் மூளை எனக்கு!

ஸ்கேன் பார்த்தவரின் முகம் மாறியது. "எட்டு வாரம்னா துடிப்பு வந்திருக்கணுமே. வளர்ச்சி நின்னுபோயிருக்கலாம். பத்து நாள் கழிச்சு பாத்துதான் உறுதியா சொல்ல முடியும்."

உண்மையை அங்கேயே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. பஸ்ஸில் அவள் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்து, சத்தமில்லாமல் அழுதுகொண்டே வந்தாள். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை கண்ணில் படும்போதுதான் எனக்கு நாக்கு அசைந்தது.

"தேதிய நான்தாம்மா மாத்தி எழுதிட்டேன். டெஸ்ட் பண்ண."

"யார?"

அதன்பிறகு சோறு மட்டும்தான் போட்டாள், பேச்சு இல்லை.

பத்தாம் நாள் டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பினார். அரிசி அளவில் ஏதோ ஒன்று, மினுக் மினுக்கென்று துடித்தது. அவள் என் கையைப் பிடித்தாள், மறுநொடியே விட்டுவிட்டாள்.

எண்ணூறை நீட்டினேன்.

"ரெண்டு தடவைக்கும் சேத்துதான் அன்னிக்கி வாங்கினேன்" என்றார் டாக்டரம்மா.

காசு வேண்டாம் என்றதும் மறுபடி சந்தேகம் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

நர்ஸம்மா சீட்டு எழுத உட்கார்ந்து, "கடைசியா தலைக்கு ஊத்துன தேதி?" என்றார். நான் வாயைத் திறந்தேன்.

"நான் சொல்லிக்கிறேன், நீங்க வெளிய இருங்க" என்றாள் மனைவி.