புது வீட்டுக்கு வந்த விளக்குகள்

எங்கள் வடகரப்பதி வீட்டை எரித்தது சாமி விளக்குதான். எரிந்துகொண்டிருந்த திரியைக் கவ்விக்கொண்டு ஓர் எலி பரண்மேல் கிடந்த சாக்குகளுக்குள் ஓடிவிட்டது. சொந்தக்காரர்களுக்கு எலி போதவில்லை. கரிந்த சுவர்களைச் சுற்றிப் பார்த்தார்கள், போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். "சாமி குத்தம் கண்ணு. வெளக்குக்கு எண்ணெய் ஊத்தறதுல கஞ்சத்தனம் பண்ணியிருப்பீங்க" என்று பெரியம்மா தீர்ப்புச் சொன்னதும் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள்.

பக்கத்துத் தோட்டத்து நண்பன் காரணமே கேட்கவில்லை. தன் டிராக்டரை வெயிலில் நிறுத்திவிட்டு, அது நின்ற கொட்டகையில் எங்களைக் குடிவைத்தான். மழைக்கு முன் புது வீடு எழும்ப வேண்டுமென்று எங்களோடு ஓடு சுமந்து, தோள்பட்டையில் தோல் உரிந்து நின்றான்.

புது வீடு புகும் புண்ணியார்ச்சனைக்குச் சொந்தங்கள் பட்டும் பளபளப்புமாக வந்தார்கள். எந்தப் பரிசைப் பிரித்தாலும் உள்ளே குத்துவிளக்கு. பெரியம்மா கொடுத்தது என் இடுப்புயரம். "ராவும் பகலும் அணையாம எரியோணும் கண்ணு" என்று ஆசீர்வாதம் வேறு.

நண்பன் வரிசையாக நின்ற விளக்குகளை ஒரு முறை பார்த்தான்.

"மாப்ள, இதையெல்லாம் பத்த வெக்கறதுக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லீரு. டிராக்டரை வெளிய எடுத்து நிறுத்தோணும்."