அந்த வானத்துக்கு நீலம் அடித்தவன்

தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூர் அச்சகம் ஒன்றில் காலண்டர் படங்களுக்கு வர்ணம் திருத்துவது என் வேலை. சாமி படமென்றால் கன்னத்துக்குச் சிவப்பு ஏற்றுவேன், அருவியென்றால் தண்ணீருக்கு வெள்ளை. அதில் எனக்கு ஒரு வெட்கமும் இருந்ததில்லை. வெட்கம் வந்தது ஒரே ஒரு படத்தால்தான்.

இத்தாலியிலிருந்து நூற்பு இயந்திரம் வாங்கிய ஒரு மில், விற்றவர்கள் அன்பளிப்பாகத் தந்த ஓவியப் புத்தகத்தை எங்களிடம் கொடுத்து, அதிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காலண்டர் போடச் சொன்னது. இருபதாம் நூற்றாண்டில் அந்த நாட்டுக்காரர்கள் வரைந்த நிலக்காட்சிகள். புரட்டிக்கொண்டே வந்தவன் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டேன். குன்றென்று சொல்ல முடியாத ஒரு மொட்டைக் கரடு, ஜன்னல் சாத்திய வீடு, மண் பாதை. வானம் நீலமாக இல்லை. உச்சி வெயிலில் வெளிறி, சாம்பலும் மஞ்சளுமாகக் கிடந்தது. நிழல்கூடக் கறுப்பில்லை, மங்கிய ஊதா.

நான் வெள்ளகோவில் பக்கத்து மானாவாரிக் காட்டில் வளர்ந்தவன். சித்திரை மாத மதியத்தில் எங்கள் வானம் அப்படித்தான் இருக்கும். பள்ளியில் அதை அப்படியே வரைந்ததற்கு டிராயிங் வாத்தியார் மதிப்பெண் குறைத்தார். வானமென்றால் நீலமாம். எங்கேயோ இருந்த ஒருவர் கண்ணில் பட்டதை மாற்றாமல் வரைந்திருக்கிறார். அந்தப் படத்தையே எடுத்தேன்.

மில் மேலாளர் மாதிரியைப் பார்க்க வந்தார். மரியாதை குறையாத மனிதர். அதனால் அவரிடம் கோபப்படவும் முடியவில்லை.

“ஏனுங்க, வெயில்ல கெடந்து வெளுத்துப்போச்சாட்ட இருக்குதுங்க.”

“வெளுக்கலீங்க. வரைஞ்சதே அப்படித்தானுங்க.”

“இருக்கட்டுமுங்க. வருசம் பொறக்கையில மொட்டைக் கரட்டைச் செவுத்துல மாட்டுனா ஊடு வெளங்குமுங்களா? கொஞ்சம் குளுகுளுன்னு பண்ணிப்போடுங்க.”

எங்கள் பக்கத்தில் வருடம் முடிந்ததும் தேதியை வெட்டியெறிந்துவிட்டுப் படத்தை மட்டும் கண்ணாடி போட்டு மாட்டுவார்கள். காய்ந்த பூமிக்காரர்களுக்குச் சுவரிலாவது தண்ணீர் வேண்டும். சரி, ஆசை நியாயம்தான். அதற்கு அருவிப் படங்கள் ஆயிரம் இருக்கின்றனவே, இந்த மனிதரை ஏன் இழுக்க வேண்டும்? இதை நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. அச்சக முதலாளி என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நான் கேட்டது ஒன்றே ஒன்று.

“அப்படீன்னா கீழ இருக்கற ஓவியர் பேரை எடுத்துப்போடலாமுங்க.”

“பேரு இருக்கட்டுமுங்க. அதுலதானுங்க மதிப்பே.”

ஓவியர் செத்துப் பல வருடமாகிறது, எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை. ஒருவர் பெயரில் பொய்ப் பத்திரம் எழுதினால் ஜெயிலுக்கு அனுப்புகிறார்கள். படத்துக்கு மட்டும் கேட்க நாதியில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து நானே செய்தேன். வானத்துக்கு நீலம், கரட்டுக்குப் பச்சை, பாதையை அழித்து ஓர் ஓடை. ஜன்னல்களைக்கூடத் திறந்துவிட்டேன், அதை யாரும் செய்யச் சொல்லவில்லை. வேலை சுத்தமாக வந்தது. அதைச் சொல்லத்தான் இன்னும் கூசுகிறது.

தை மாதத்தில் வேறு வேலையாக மில்லுக்குப் போயிருந்தேன். இயந்திரம் பூட்ட வந்திருந்த இத்தாலிக்கார மெக்கானிக் ஒருவர், நான் நுழைந்தபோது மேலாளர் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்து, “வால்பாறை?” என்றார். முந்தின ஞாயிற்றுக்கிழமை அவரை அந்தத் தேயிலை மலைக்குக் கூட்டிப்போயிருந்தார்களாம். மேலாளர் சிரித்துக்கொண்டே, “நோ, நோ, யுவர் கன்ட்ரி” என்று படத்தின் கீழே இருந்த பெயரைத் தொட்டுக் காட்டினார்.

மெக்கானிக் எழுந்து கிட்டே போனார். பெயரைப் படித்தார். படத்தைப் பார்த்தார். மறுபடியும் பெயரைப் படித்தார். அந்த ஓவியரை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், முகம் சுருங்கிவிட்டது. யார் செய்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மேலாளருக்கு அது பாராட்டாகப் பட்டது. என் தோளில் கைவைத்து முன்னால் தள்ளி, “திஸ் மேன்” என்று அவரிடம் சொல்லிவிட்டு, என்னிடம், “பாத்தீங்களா, வெள்ளைக்காரரே அசந்துபோயிட்டாருங்க” என்றார்.

அந்த மெக்கானிக் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் மேலாளரைக் கைகாட்டியிருப்பேன், முதலாளியைக் கைகாட்டியிருப்பேன். அவர் என் கைகளைப் பார்த்தார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.