அண்ணனுக்கும் சேர்த்துக் குடித்த தே தாரேக்

தயவுசெய்து இதை நம் குரூப்புக்கு வெளியே யாருக்கும் காட்டாதீர்கள். அப்பாவுக்குத் தெரிந்தால் சைக்கிளுக்குப் பூட்டு விழும்.

இன்று டியூஷன் என்று சொல்லிவிட்டு, அண்ணனின் மவுண்டன் பைக்கில் ஆற்றோரச் செம்பனைத் தோட்டம் வழியாக மூவார் பழைய டவுன் வரை தனியாக ஓட்டினேன். சேற்று மேட்டில்கூடக் காலை ஊன்றவில்லை.

டவுனில் அப்பாவுக்குத் தெரிந்த ரொட்டிக்கடை பாய் பார்த்துவிட்டார்.

“அலமாக்! தனியாவா வந்தே?”

“இல்ல பாய், அண்ணன் பின்னால வராரு.”

“அப்ப உக்காரும்மா. ரெண்டு தே தாரேக் போடுறேன்.”

அண்ணன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். நுரை பொங்க இழுத்து ஆற்றிய அந்த இரண்டு டீயையும் நானே குடித்தேன்.

“உங்கண்ணன் ரொம்ப ஸ்லோ லா,” என்றார் பாய்.

“ஆமா பாய், நான்தான் ஃபாஸ்ட்டு.”

அடுத்த சனிக்கிழமையும் போகிறேன். எனக்கு அண்ணனாக வர யார் தயார்?

இருங்கள், அப்பா கதவைத் தட்டுகிறார்.

“பாப்பா, கதவத் தொற. பாய் போன் பண்ணாரு.”