பஞ்சநதம் படுதா மேல் படுத்த கதை

மன்னார்குடி ஹாக்கி மைதானத்தின் மேற்குச் சுவரில் ஓரிடம் மட்டும் வழவழவென்றிருக்கும். நெல் வியாபாரி பஞ்சநதம் பல வருஷம் உட்கார்ந்து தேய்த்த இடம் அது. வெயில் தாழ்ந்ததும் மண்டியைப் பூட்டிவிட்டு வந்து அதில் ஏறுவார். ஏறுவதென்றால் லேசுப்பட்ட காரியமில்லை. ஒருவர் மேலிருந்து கை கொடுக்க வேண்டும், இன்னொருவர் கீழிருந்து தள்ள வேண்டும். ஏறி உட்கார்ந்து, மேல்மூச்சு கீழ்மூச்செல்லாம் அடங்கிய பிறகு அவர் சொல்லும் முதல் வாசகம்:

"ஹாக்கின்னா வேகம்."

அவர் ஹாக்கி மட்டையைப் பிடித்து ஆடியவரில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் கோல்கீப்பர் வரவில்லை என்று இவரைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பாதிக் கோலை இவர் உடம்பே அடைத்துக்கொண்டது. எல்லாப் பந்தும் மீதிப் பாதி வழியாகப் போய்விட்டது. அன்றோடு ஆட்டத்தை விட்டார். ஆட்டத்தைப் பற்றிய கருத்தை மட்டும் விடவில்லை.

அவருக்கு நேர் எதிர்க்கட்சி மீரா உசேன். சிங்கப்பூரில் நெடுங்காலம் கடை வைத்திருந்துவிட்டு ஊர் திரும்பியவர். கூத்தாநல்லூரிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வருவார். ஒல்லி என்றால் அப்படி ஒரு ஒல்லி. அவர் ஸ்கூட்டரை ஓட்டி வருகிறாரா, ஸ்கூட்டர் அவரைப் பறந்துவிடாமல் பிடித்து வருகிறதா என்று சந்தேகம் வரும். அவருடைய கட்சி, உருவம். ஆட்டக்காரர் என்றால் உயரமும் அகலமுமாக இருக்க வேண்டும், பார்த்ததும் எதிராளிக்கு வயிற்றைக் கலக்க வேண்டும் என்பார்.

"பாய், யானையக் கொண்டாந்து நிறுத்தினாலும் பந்து அதுங்காலுக்கு நடுவுல போயிடும்" என்பார் பஞ்சநதம்.

"யானை நிக்கிற பக்கம் பந்தை எவன் கொண்டுட்டு வருவான்?"

"வருவான். குதிரை மாதிரி ஓடுறவன் வருவான்."

"யானையும் குதிரையும் பாக்கணும்னா சர்க்கஸுக்குப் போங்க நெல்லுக்காரரே. நான் ஆட்டத்தைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கேன்."

இருவரும் கட்சி மாறிக்கொண்டால் பார்க்கவாவது பொருத்தமாக இருக்கும் என்று சுவரில் உட்காரும் மற்றவர்கள் சொல்வதுண்டு. அதை இருவருமே காதில் போட்டுக்கொண்டதில்லை.

பஞ்சநதத்தின் மகள் வானதி இதே மைதானத்தில்தான் ஆடினாள். கல்லூரியில் கடைசி வருஷம். அப்பாவின் தோள், அப்பாவின் உயரம். கோலுக்கு முன்னால் தடுப்பாட்டக்காரியாக, ஃபுல்பேக்காக நிற்பாள். ஓடினால் தரை தொம் தொம்மென்று அதிரும். பஞ்சநதம் தினமும் மகள் ஆடுவதைப் பார்த்து ரசித்தார். தினமும் கனத்த ஆட்டக்காரர்களைத் திட்டித் தீர்த்தார். மகள் ஒரு பக்கம், கொள்கை ஒரு பக்கம். இரண்டையும் அவர் ஒன்றுக்கொன்று அறிமுகம் செய்து வைத்ததே இல்லை.

தஞ்சாவூரில் நடக்கும் பெண்கள் போட்டிக்கு இந்த மைதானத்து ஹாக்கி கிளப் வருஷா வருஷம் அணி அனுப்பும். போன வருஷம் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பினார்கள். பயிற்சியாளர் ராம்கியைப் பஞ்சநதம் அதற்காக ஒரு வருஷம் துரத்தினார். டீக்கடையில் பிடித்தார், தெப்பக்குளக் கரையில் பிடித்தார். பல் டாக்டரிடம் ராம்கி வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தபோது, அடுத்த முறைக்குக் காத்திருந்த பஞ்சநதம் கதவுக்குள் தலையை நீட்டி, "நீ பாட்டுக்கு இரு. நான் சொல்றதை மட்டும் கேளு. வேகம் பத்தல" என்று ஆரம்பித்தார்.

அதனால் இந்த வருஷம் ராம்கி முன்யோசனையோடு சுவருக்கு வந்தான்.

"அண்ணே, பாய், ரெண்டு பேரும் இருக்கீங்க. ஒரே ஒரு பேக் இடம் பாக்கி. நீங்களே சொல்லிடுங்க, பின்னாடி என்னைத் திட்டக் கூடாது. ரெண்டு பொண்ணுங்க. ஒண்ணு சிட்டாப் பறக்கும், ஆனா தோள் பட்டா விழுந்துடும். இன்னொண்ணு நின்னா நின்னதுதான், திரும்பத்தான் கொஞ்சம் நேரமாகும். பேர் மட்டும் கேக்காதீங்க. பேர் சொன்னா நியாயம் போயிடும்."

"இதுல கேக்க என்னய்யா இருக்கு? பறக்குறதைப் போடு" என்றார் பஞ்சநதம். "மூட்டைய நிறுத்தி வெச்சா கோல் வராம நிக்குமா?"

"நிக்கும்" என்றார் மீரா உசேன். "மூட்டையத் தாண்டி எப்படிப் போவாங்க?"

"மண்டிக்கு வந்து பாருங்க பாய். மூட்டைச் சந்துல எலி போற வேகத்தைப் பாத்துட்டு அப்புறம் பேசுங்க."

சுவர் முழுக்கச் சிரித்தது. பஞ்சநதத்துக்கு ஏகப் பெருமை.

"சரி. ஜெர்சி வாங்கிக் குடுக்குறவரு அண்ணன். அவர் சொன்னபடியே ஆகட்டும். அப்ப ஸ்ம்ருதி" என்றான் ராம்கி.

"நல்ல பொண்ணு. அந்த இன்னொண்ணு யாரு?"

ராம்கி குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினான். ஏற்கெனவே கட்டியிருந்த கயிறு அது.

"வானதி."

சுவரில் யாரோ இருமினார்கள். மீரா உசேன் மட்டும் பஞ்சநதத்தின் முழங்காலைத் தட்டி, "நான் வானதிக்குத்தான் ஓட்டுப் போட்டிருக்கேன். வீட்டுல மறக்காம சொல்லிடுங்க" என்றார்.

சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பஞ்சநதம் வீட்டுக்குள் நுழையும்போதே மனைவி மதிவதனிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தட்டைப் போட்டு ஒரு தோசை வைத்தாள். அவர் அதைத் தின்று முடித்துவிட்டுக் காத்திருந்தார். அடுப்படியிலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை.

"இன்னொண்ணு?"

"எதுக்கு? வயிறு லேசா இருந்தாத்தானே வேகம் வரும்."

"யாரு போன் பண்ணினது?"

"மூட்டைன்னு சொன்னீங்களாமே."

"பேர் தெரியாமச் சொன்னதுடி."

"பேர் தெரிஞ்சிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

உருவம் என்று சொல்லியிருப்பார். மீரா உசேன் அதை அடுத்த மாசி வரைக்கும் சொல்லிக் காட்டியிருப்பார். இரண்டில் எது மோசம் என்று பஞ்சநதம் யோசித்துக்கொண்டிருக்கும்போது வானதி வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு நான்கு தோசை வந்தது.

"அப்பா அந்த ராம்கிகிட்ட பேசுறேன்ம்மா" என்றார், குரலை இறக்கி.

"பரவால்லப்பா."

"இல்ல, நான் பொதுவாத்தான் சொன்னேன்..."

"நீங்க தினம் சொல்றதுதானேப்பா. அந்தச் சுவருக்கு முன்னாடிதான் நான் ஆடுறேன். காது கேக்கும்."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். சட்னி கேட்கிற குரலில் சொன்னாள். பரீட்சை முடிந்ததும் கோயம்புத்தூரில் வேலை காத்திருந்தது. இந்த அணியோடு தஞ்சாவூர் போக அவளுக்கு இதுதான் கடைசி வருஷம். அதையும் அவள் சொல்லவில்லை. மதிவதனிதான் பிறகு சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமைதானே பேரெல்லாம் அனுப்புறாங்க. போய் மாத்திச் சொல்லுங்க."

"சுவர்ல அத்தனை பேர் முன்னாடி சொன்னது. மண்டியில ஒரு விலை சொன்னா நான் மாத்துவேனா?"

"நீங்க மாத்தாத விலையா" என்று விளக்கை அணைத்தாள் மதிவதனி.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சம்பா அறுவடை முடிந்து ஊரெல்லாம் நெல். இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தட்டையாக எதைக் கண்டாலும், இதில் நெல் காயப்போடலாமா என்றுதான் முதலில் தோன்றும். தார் ரோடு, மண்டப வாசல், அரசியல் கூட்டத்துக்குப் போட்ட மேடை எதுவும் தப்பாது. மைதானத்தை ஒட்டியிருந்த கூடைப்பந்துத் தளத்தில் பஞ்சநதம் ஈர நெல்லைக் கொட்டியிருந்தார். அது நிறைந்துபோகவே, ஹாக்கி கோலுக்குப் பின்னால் வரைக்கும் பரப்பிவிட்டார்.

"அண்ணே, இது ஆடுற எடம்" என்றான் ராம்கி.

"கோலுக்குப் பின்னாடிதானேய்யா. அங்க வர்ற பந்து தப்பான பந்து."

மழை வந்தால் நெல்லை மூடும் படுதா பறக்காமலிருக்க மேலே வைக்கக் கொண்டுவந்த செங்கற்களை ராம்கி எடுத்துப்போய், பெண்கள் வளைந்து ஓடிப் பழக வரிசையாக நட்டு வைத்திருந்தான். நெல் கிளறும் ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மேகம் கட்டுகிறது என்று மதிவதனி போனில் சொன்னாள். "மாசியில எங்கடி மழை" என்று பஞ்சநதம் போனை வைத்தார். பேரை மாற்றச் சொல்லி ராம்கியிடம் எப்படிப் பேச்செடுப்பது என்பதே அவர் கவலையாக இருந்தது. சுற்றி ஆள் இல்லாத நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

காற்றுதான் முதலில் வந்தது. பின்னாலேயே பெரிய பெரிய துளியாக மழை.

"படுதாவ எடுங்க" என்று பஞ்சநதம் கத்தினார். பயிற்சி அப்படியே நின்றது. நெல் நனைகிறதென்றால் இந்த ஊரில் யார் நெல் என்று கேட்க மாட்டார்கள். மட்டைகளைப் போட்டுவிட்டு எல்லோரும் ஓடிவந்தார்கள். பாதிப் பேர் காலாலும் பலகையாலும் நெல்லைத் தள்ளிக் குவித்தார்கள். ஸ்ம்ருதிதான் முதலில் படுதாவை எட்டினாள். ஒரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பறந்தாள். காற்று அடியில் புகுந்ததும் படுதா அவளை இழுத்துக்கொண்டு பறந்தது. இன்னொரு முனையைப் பிடித்த மீரா உசேன், முனை போன திசைக்கெல்லாம் தானும் போனார்.

கடைசியாகத் தொம் தொம்மென்று வந்து சேர்ந்தாள் வானதி. நடுவில் முழங்காலைப் போட்டு அமுக்கினாள். "ஸ்ம்ருதி, விட்டுடாத" என்று சொல்லிக்கொண்டே ஒரு பக்கத்தைத் தரையோடு இறக்கினாள். மறுபக்கம் படபடவென்று அடித்தது. செங்கல்லெல்லாம் மைதானத்தின் அந்தக் கோடியில் வரிசையாக நனைந்துகொண்டிருந்தது. வானதி சுற்றிப் பார்த்தாள். அப்பா கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"அப்பா, படுங்க."

"என்னது?"

"அந்தப் பக்கம் படுதா மேல படுங்கப்பா. சீக்கிரம்."

பஞ்சநதம் படுத்தார். படுதா அடங்கியது.

முகத்தில் மழை அடிக்க, கண்ணை இடுக்கிக்கொண்டு அவர் மல்லாந்து கிடந்தார். மீரா உசேன் வந்து பக்கத்தில் குந்தினார். தன் தலைக்குத் துண்டைப் போட்டுக்கொண்டார், இவருக்கு ஒன்றும் போடவில்லை.

"சொல்லுங்க நெல்லுக்காரரே. வேகமா, உருவமா?"

பஞ்சநதம் எழுந்திருக்கப் பார்த்தார்.

"அசையாதீங்கப்பா" என்றாள் வானதி மறுபக்கத்திலிருந்து. "மூட்டை நகந்தா நெல்லு நனைஞ்சிடும்."

பஞ்சநதத்தின் வயிறுதான் முதலில் குலுங்கியது. அப்புறம் எல்லோருமே சிரித்தார்கள், அணியும் ராம்கியும் மூலையைப் பிடித்துக்கொண்டிருந்த ஸ்ம்ருதியும். பஞ்சநதம் தலையைத் திருப்பி மகளைப் பார்த்தார். முடியெல்லாம் நெற்றியில் ஒட்டியிருந்தது. அவள் சிரித்தபடியே கையை எடுக்காமல் அமுக்கிக்கொண்டிருந்தாள். ஆள் இல்லாத நேரத்துக்கு இனிமேல் எங்கே போவது.

"ராம்கி" என்றார். "உருவம்."

"கேக்கலண்ணே."

"உருவம்யா."

"மழைச் சத்தம்ணே."

"கூத்தாநல்லூர் வரைக்கும் கேக்கணும்" என்றார் மீரா உசேன்.

பஞ்சநதம் கத்தினார். மைதானத்து நாய் ஒன்று எழுந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

ராம்கி ஸ்ம்ருதியைப் பார்த்தான். "என்னை மாத்து ஆளா வெச்சுக்குங்க சார்" என்றாள் அவள். "பேக்குல நிக்கச் சொன்னதுலேருந்து எனக்குத் தூக்கமே வரல."

"அப்ப வானதி பேரைப் போட்டுடலாம். மழை விடட்டும்."

"விட்டா மாத்திடுவாரு சார்" என்றாள் வானதி. "இப்பவே அனுப்பிடுங்க."

சட்டைக்குள் போனை மறைத்துக்கொண்டு ராம்கி அங்கேயே அனுப்பினான். அன்றைக்கு வீட்டில் பஞ்சநதத்துக்கு ஐந்து தோசை விழுந்தது. நெல்லில் கொஞ்சம் நனைந்துதான் போயிருந்தது.

தஞ்சாவூரில் முதல் ஆட்டம் திருச்சிப் பக்கத்து அணியோடு. பஞ்சநதமும் மீரா உசேனும் சிமென்ட் படியில் சேர்ந்து உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்திலேயே எதிரணியின் சிறு பெண் ஒருத்தி வானதியின் இடப்பக்கமாகப் புகுந்து ஓடினாள். வானதி திரும்பி முடிப்பதற்குள் கோல் விழுந்தது. பஞ்சநதத்தின் தொண்டை வரைக்கும் ஒரு வாக்கியம் வந்துவிட்டது. ஒரு முழு முறுக்கை வாயில் போட்டு அடைத்துக்கொண்டார். மீரா உசேன் ஓரக்கண்ணால் அதைப் பார்த்தார்.

இரண்டாம் பாதியில் அதே பெண் அதே பக்கம் வந்தாள். இந்தத் தடவை வானதி திரும்பவே இல்லை. மட்டையைத் தரையோடு போட்டுக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். பந்து மட்டையில் நின்றது. அந்தப் பெண் மட்டும் தனியாக ஓடிப்போய், பந்து வரவில்லை என்று தெரிந்து திரும்பிப் பார்த்தாள். வானதி அடித்த அடியில் பந்து முன்வரிசைக்குப் போனது, அங்கிருந்து கோலுக்குள். ஒன்றுக்கு ஒன்று. அப்படியே ஆட்ட நேரம் முடிந்து விசில் ஊதி, யார் ஜெயித்தது என்று தீர்க்க அடுத்து ஷூட்அவுட் என்று அறிவித்தார்கள். வானதி கோட்டோரமாக முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து நின்றாள்.

"சொல்லுங்க நெல்லுக்காரரே" என்றார் மீரா உசேன். "வாயில இருக்கறத முழுங்கிட்டுச் சொல்லுங்க."

"என்னத்தச் சொல்றது. புள்ளைக்கு மூச்சு வாங்குது. இந்தத் தண்ணி பாட்டிலைக் கொண்டுபோய்க் குடுங்க பாய். நீங்கதான் சுருக்காப் போவீங்க."

மீரா உசேன் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினார். தடுக்க வந்த ஆளைச் சுற்றி வளைந்து, கயிற்றுக்கு அடியில் புகுந்து ஓடினார். அவர் வானதியை எட்டும் வரைக்கும் பஞ்சநதம் கண்ணெடுக்காமல் பார்த்தார். பிறகு பக்கத்துப் படியில் இருந்த, முன்பின் தெரியாத ஒருவரின் தோளைத் தொட்டார்.

"பாத்தீங்களா சார்? இதுதான் வேகம்."